பாதி எனக்கு, மாமா!

போன் அலறியது.

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பாலா, போனா? அவள் முதலில் பாலை இறக்கினாள்.

அந்த நான்கு விநாடிக்காக அவள் பிற்பாடு ஆயுசு முழுக்க வருத்தப்பட்டாள். வீண் வருத்தம். அவளுடைய தம்பி செத்து அப்போதே ஒரு மணி நேரம் ஆகியிருந்தது!

"அக்கா! பட்டறைக்குப் பக்கத்துக் கண்ணாடிக்கடையிலேர்ந்து பேசறேன். உடனே பட்டறைக்கு வாங்க!"

"என்னாச்சுண்ணே?"

"நடந்து வராதீங்கக்கா... ஓடி வாங்க!"

ஓடினாள்.

அவள் கணவருடைய குஷன் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. சோஃபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை கட்டித் தரும் இடம். ரெக்ஸின் சுருள், ஃபோம் துண்டு, பசை டப்பா. பசை வாடையையும் மீறிக்கொண்டு இன்னொரு வாடை வந்தது.

பதினொரு வருஷ இல்லறத்தில் அவளுக்கு மனப்பாடமான வாடை!

துணி போர்த்தாத சோஃபா ஒன்று ஸ்பிரிங்குகளைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதன் மேல் பஞ்சு.

அங்கேயே வேலை பார்த்த அவள் தம்பிக்குப் பட்டறையில் வைத்த பெயர் அது. யார் எவ்வளவு அழுத்தினாலும் அமுங்கிக் கொடுத்துவிட்டுப் பழையபடி சிரிப்பான் என்பதால் வைத்த பெயர்.

இப்போது சிரிக்கவில்லை.

நெற்றியில் வெட்டு. சட்டையில் வாந்தி. கண்கள் கூரையைப் பார்த்து நின்றிருந்தன. செத்தவன் முகம் வெளுத்துத்தானே கிடக்கும்? இவனுக்கு முகமும் கழுத்தும் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தன. கையருகே அவள் தினமும் காப்பி ஊற்றி அனுப்பும் பிளாஸ்க்கின் மூடி. எடுத்து முகர்ந்தாள்.

சாராயம்.

'இதிலயா ஊத்திக் குடிச்சாரு, பாவி மனுஷன்!'

பாவி மனுஷன் தரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலி பாட்டில். சட்டையெல்லாம் ரத்தம்.

அவள் போட்ட அலறலில் கண்ணாடிக்கடையின் கண்ணாடிகள் அதிர்ந்தன. குஷன்காரர் மட்டும் மெதுவாகக் கண் திறந்தார்.

"மாப்ள எங்க?" என்றார். பிறகு பார்த்தார். பிறகு தன் சட்டையைப் பார்த்தார்.

"பாட்டிலைப் புடுங்கினான்... தள்ளினேன்... மேஜை முனையில இடிச்சிக்கிட்டான்... அய்யோ, நான்தான்டி! நானே கொன்னுட்டேன்டி!"

------

மறுநாள் காலை. காவல் நிலையம்.

பெண் இன்ஸ்பெக்டர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பையில் பிளாஸ்க்கும் மூடியும். பக்கத்து மேஜையில் ஒரு வயசான ஏட்டு, இந்த உலகத்தில் அவசரம் என்று ஒன்று கிடையாது என்பதுபோல் எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம்... அவர் நல்ல மனுஷன் மேடம்."

"தெரியுதும்மா. லாக்கப்ல ராத்திரி பூரா அழுதிருக்கார். பக்கத்து செல் திருடன் தூக்கம் கெட்டுப்போச்சுன்னு புகார் குடுக்கறான்."

"என் தம்பின்னா அவருக்கு உசுரு. தன் புத்தில இருந்தா அவன் மேல விரல் படுமா? இது குடி பண்ணின வேலை. குடிதான் என் தம்பியைக் கொன்னுச்சு!"

"வாஸ்தவம். ஆனா குடியைக் கைது பண்ண எனக்கு அதிகாரம் இல்லையே. விலங்கு போட அதுக்குக் கையும் இல்ல."

ஏட்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் சிரிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"சுயநினைவே இல்லாதப்ப செஞ்சது எப்படி மேடம் குத்தமாகும்?"

"பாட்டில் தானா எகிறி அவர் வாய்க்குள்ள போகலை. காசு குடுத்தது அவரு. மூடியைத் திருகினது அவரு. தானா குடிச்சவனை, தெளிவா இருக்கறவனுக்கு என்ன தெரியுமோ அதெல்லாம் தெரிஞ்சவனாத்தான் சட்டம் பார்க்கும். 'போதையில பண்ணிட்டேன்'னா எல்லாரையும் விட்டுடலாம்னு வச்சுக்கோங்க... கொலைகாரன் ஒவ்வொருத்தனும் கத்தி வாங்கப் போற வழியில ஒரு குவார்ட்டரும் வாங்கிப்பான்!"

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அம்மா போனபோது தம்பிக்கு ஆறு வயது. அவளுக்குப் பதினாலு. தலை வாரிவிட்டு, மூக்கு சிந்திவிட்டு, இந்தக் கையாலேயே வளர்த்த பிள்ளை.

"தம்பி போயிட்டான். இவரும் உள்ள போயிட்டா... நான் யாருக்கு மேடம் அடுப்பு பத்த வைப்பேன்? ஒரு வழிகூடவா இல்ல?"

இன்ஸ்பெக்டர் முதல் தடவையாக நிமிர்ந்தார். கண்ணில் ஈரமில்லை. ஆனால் குரல் இறங்கியது.

"சட்டத்துல இருக்கறது ஒரே ஒரு சந்து. ஒருத்தருக்குத் தெரியாம யாராவது எதையாவது கலந்து குடுத்து, அதுல புத்தி பெரண்டு அவர் தப்பு பண்ணினா, அவர் மேல பொறுப்பு இல்ல. கலந்தவங்க மேலதான். ஆனா இங்க யாரு கலந்தா? கடையில வாங்கின பில்லே அவர் பாக்கெட்ல இருக்கு."

அவள் அழுகை சட்டென்று நின்றது.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

"நான் கலந்தேன்."

ஏட்டின் பேனா நின்றது!

"என்னம்மா சொல்றீங்க?"

"நான்தான் மேடம் கலந்தேன். நாப்பத்தஞ்சு நாளா. அவருக்குத் தெரியாது."

கைப்பையைத் திறந்தாள். மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். பாதி காலி.

"குடியை விட வைக்கிற மாத்திரை. பொடி பண்ணி தினமும் காப்பியில கலந்து இந்த பிளாஸ்க்குலதான் குடுத்தனுப்புவேன். அதுவும் குடியும் சேர்ந்து அவர் மூளையைக் கலக்கிடுச்சு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. கலந்தவங்க மேலதான் பொறுப்புன்னு இப்ப நீங்கதானே சொன்னீங்க? எழுதிக்கோங்க. என் மேல எழுதிக்கோங்க!"

மாத்திரை நிஜம். மூளை கலங்கியது, அவள் அந்த இரண்டு விநாடியில் தைத்த தையல். பரவாயில்லை. மேலே நல்ல துணி போட்டு மூடினால் உள்ளே இருக்கும் கிழிசல் தெரியாது என்பது குஷன்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாதா?

இன்ஸ்பெக்டர் வாயைத் திறப்பதற்குள் மேஜை மேலிருந்த போன் அலறியது.

"சொல்லுங்க டாக்டர்... ம்... நெத்திக் காயம்? தோலோடவா?... அப்ப எதுல செத்தான்?... முகம் செவந்து... வாந்தி... இதயம்... சரி... அவன் வயித்துல சாராயமா?"

போனை வைத்தார். மாத்திரை அட்டையை எடுத்தார். பின்பக்க எழுத்தைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"உங்க தம்பி குடிப்பாரா?"

"சத்தியமா தொட்டதில்ல மேடம்!"

"ஏட்டய்யா... குஷன்காரரைக் கூட்டிட்டு வாங்க."

------

வந்து நின்றவர், ஸ்பிரிங்கெல்லாம் போன சோஃபா மாதிரி இருந்தார். மனைவியை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் இல்லை.

"இந்த பிளாஸ்க் காப்பியைத் தினமும் நீங்கதானே குடிச்சீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். கொலையை ஒப்புக்கொண்டபோதுகூட இப்படி விழிக்கவில்லை!

"அது... இவ எதிர்ல வேணாமே மேடம்."

"சொல்லுங்க!"

"ரெண்டு நாள் குடிச்சேன். துருப்பிடிச்ச ஆணியைக் காய்ச்சின மாதிரி ஒரு வாடை. சொன்னா இவ மனசு ஒடிஞ்சிடும். சாக்கடையில கொட்டவும் மனசு வரல. அதனால... மாப்ளகிட்ட குடுத்துடுவேன்."

"அவரு?"

"'எங்கக்கா விஷத்தையே குடுத்தாலும் சக்கரை போட்டுத்தான் குடுப்பா மாமா'ன்னு சிரிப்பான். கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிடுவான்."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பினார்.

"மீதி நாப்பத்துமூணு நாளும்?"

"ஆமா மேடம்."

அவள் எழுந்து நின்றாள். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. ஆனால் அதுதான் வந்தது.

"அப்ப நீங்க... மாத்திரையே இல்லாம... எப்படிங்க இத்தனை நாள் குடிக்காம இருந்தீங்க?"

"என்ன மாத்திரை?" அவர் புரியாமல் பார்த்தார். "நீ அன்னிக்கு அழுதியே. விட்டுடறேன்னு சொன்னேன்ல? விட்டுட்டேன். நேத்துதான்... சினிமா கொட்டகை நாற்காலி ஆர்டர் முந்நூறும் முடிஞ்ச சந்தோஷத்துல..."

சும்மாவே விட்டிருக்கிறார்! அவள் அழுததற்காக! அவள்தான் அதை நம்பாமல் மருந்துக்கடைக்குப் போனவள்.

இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "நேத்து தள்ளினதுக்கு அப்புறம் என்னாச்சு? நல்லா யோசிங்க."

"விழுந்தான்... ரத்தம்... நான் அவன் தலையை மடியில வச்சுக்கிட்டு அழுதேன்..." அவர் நெற்றியைப் பிசைந்தார். "எந்திரிச்சானே! ஆமா... எந்திரிச்சு உக்காந்தான். சிரிச்சான். 'அழாத மாமா, பாதி எனக்கு ஊத்து. நான் எவ்வளவு குடிக்கிறனோ அவ்வளவு உனக்குக் கொறையும்ல'ன்னான். பிளாஸ்க் மூடியை நீட்டினான். மூக்கைப் புடிச்சிக்கிட்டு மடமடன்னு..."



இன்ஸ்பெக்டர் மாத்திரை அட்டையை மேஜையில் மெதுவாக வைத்தார்.

"இந்த மாத்திரை ஒடம்புல இருக்கறப்ப சாராயம் போனா, ரெண்டுக்கும் ஆகாது. முகம் செவக்கும். வாந்தி வரும். அளவு மீறினா சில பேருக்கு இதயமே நின்னுடும். சாப்பிடறவருக்குச் சொல்லாம குடுக்கவே கூடாது. கடைக்காரர் சொல்லலையாம்மா?"

"சொன்னாரு."

பொய் சொல்ல இனி யாருக்காக?

"தள்ளிக் காயப்படுத்தினதுக்கு உங்க வீட்டுக்காரர் மேல சின்ன கேஸ் ஒண்ணு இருக்கும். போதையில இருந்தேன்னு அதுல தப்பிக்க முடியாது. ஆனா உயிர் போனது..."

"கலந்தவங்க மேல" என்று அவளே முடித்தாள்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. புருஷன் தப்பித்துவிட்டார்.

------

சாயங்காலம்.

கம்பிக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் அவள். இடம் மாற்றிப் போட்ட நாற்காலிகள் மாதிரி.

பஞ்சுவைக் கொன்ற தன்னை அவர் வெறுப்பார் என்று காத்திருந்தாள். அவர் கம்பிக்குள் கையை விட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"காப்பி நல்லால்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டி நான்."

"நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாங்க."

பதினொரு வருஷத்தில் ஒருத்தரை ஒருத்தர் ஒரு சொல்லால்கூட நோகடித்ததில்லை. அந்த மரியாதையில்தான் பஞ்சு போய்ச் சேர்ந்தான்.

இன்ஸ்பெக்டர் மேஜைக்கு எதிரில் ஏட்டு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் நியாயமான ஒரு கவலை.

"மேடம், காலையிலயே 'குடிபோதையில் இருந்த குற்றவாளி'ன்னு அழகா எழுதி வச்சுட்டேன். இப்ப அடிக்கணுமே. இறந்தவன் குடிச்சிருக்கான், தள்ளினவர் குடிச்சிருக்கார்... இந்தக் குடும்பத்துல நிதானமா இருந்த ஒரே ஆள் அந்தம்மாதான் மேடம்!"

இன்ஸ்பெக்டர் கோப்பை மூடினார்.

"அதனாலதான் ஏட்டய்யா... உள்ள இருக்காங்க!"