ஏழாம் எண் கயிறு

தொட்டியின் அடியில் கிடக்கும் கேமரா தானாகத் திரும்பாது.

கடலிலிருந்து வந்த கேமராவைக் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறும்போதே ஒவ்வொரு பட்டனையும் நாலைந்து முறை அமுக்கிவிட்டால்தான் உள்ளே புகுந்த உப்பும் மணலும் வெளியே வரும், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பட்டன் இறுகிவிடும். அப்படி அமுக்கும்போது சில நேரம் படம் பதிவாக ஆரம்பித்துவிடும். அதனால் அந்த அலைச்சறுக்குக் கடையின் ஐந்து கேமராக்களிலும் கடைசிப் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: முழங்கால் உயர சிமெண்ட் தொட்டிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற, அங்கே அலசும் வேலை பார்க்கும் அவளுடைய முகம், தண்ணீரில் நெளிந்து, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. வாடகைக்கு எடுத்தவர்களின் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிட்டு, தன் முகத்தை அழிப்பது அவளுடைய அன்றாடத்தில் கடைசி வேலை. 'இந்த மூஞ்சிய நாளுக்கு அஞ்சு தடவ பாக்கணும்னு என் தலையெழுத்து' என்று அலுத்துக்கொண்டே அழிப்பாள்.

அன்று நான்காம் எண் கேமராவில் வழக்கம்போல அவள் முகம் வந்தது, விரல்கள் வந்தன. பிறகு அவள் கணவனின் போன் அடித்ததும் முகம் வலது பக்கமாக நகர்ந்து மறைந்தது. இடுப்பு உடைந்து ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிற மனுஷன். வரும்போது மாத்திரை வாங்கி வரச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தான். அவள் மறைந்த பிறகு படத்தில் வெறும் தண்ணீரும் மேலே குழல்விளக்கும்தான் இருக்க வேண்டும். ஆனால் படம் மெதுவாக, தூங்கி எழுந்தவன் தலையைத் திருப்புவதுபோல, அவள் போன பக்கம் திரும்பியது. திரும்பி, தொட்டியின் பாசி படிந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது. நான்கு நிமிடம் கழித்து அவள் வந்ததும் மறுபடி நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

குழாய்த் தண்ணீர் விழுந்த வேகத்தில் புரண்டிருக்கும் என்று நினைத்தாள். குழாயை மூடிவிட்டுத்தான் கேமராவைப் போட்டோம் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. காலையில் ஒரு விடுதியில் இருபது அறைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துவிட்டு, மதியத்திலிருந்து இங்கே நனைந்த உடைகளையும் பலகைகளையும் அலசுகிற உடம்பு அது. பயப்படுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டும். அழித்துவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாளும் நான்காம் எண் கேமராவைத்தான் கடைசியாகப் பார்த்தாள். இந்த முறை படம் அடியிலிருந்து எடுத்ததாக இல்லை. தொட்டியின் பாதி ஆழத்துக்கு ஏறி வந்திருந்தது. அவளுடைய மூக்கின் மேலிருந்த வியர்வை தெரிந்தது. ஸ்பீக்கரில் ஏதோ இரைந்தது. சத்தத்தைக் கூட்டினாள்.

மூச்சு.

அலையில் போகிறவர்கள் கேமராவைப் பல்லால் கடித்துப் பிடிப்பதற்கென்று ஒரு ரப்பர் பிடி உண்டு. கைகள் இரண்டும் பலகைக்கு வேண்டுமே. அப்படி எடுத்த படங்களிலெல்லாம் ரப்பரைச் சுற்றி மூச்சு சீறுகிற சத்தமும் பல் உரசுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆயிரம் பேருடைய மூச்சை அவள் கேட்டிருக்கிறாள். இதுவும் அதே சத்தம்தான். ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது, அவள் குனிந்து நின்ற தொட்டிக்குள்ளிருந்து. உள்ளே இழுக்கும்போது களகளவென்று தண்ணீரும் சேர்ந்து போயிற்று.

எழுந்து போய் அலமாரியிலிருந்து நான்காம் எண் ரப்பர் பிடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். இன்று யாரும் வாடகைக்கு எடுக்காத பிடி. அதில் புதிதாகப் பல் பதிந்திருந்தது. மேல் வரிசையில் நடுவே ஒரு சின்ன இடைவெளி.

அந்த இடைவெளி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஊரார் பல்லையெல்லாம் சீர்செய்கிற பல் டாக்டர் அவர். தன் பல்லிடுக்கை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார். சனிக்கிழமை தவறாமல் வருவார். "கடிச்சுப் பிடிக்கிற வேலைக்கு என்ன விட்டா வேற ஆள் ஏது?" என்று அவளிடம் பல்லைக் காட்டிச் சிரிப்பார். மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமையும் அப்படித்தான் சிரித்துவிட்டுப் போனார். அலை பெரிதாக இருந்த நாள். மாலையில் பலகை மட்டும் கரை ஒதுங்கியது, நான்கு நாள் கழித்துப் பாறை இடுக்கில் அவர் கொண்டுபோன இந்த நான்காம் எண் கேமரா கிடைத்தது. ஆள் கிடைக்கவே இல்லை.

பலகையையும் காலையும் இணைக்கிற கயிறு ஒன்றுண்டு. கடைக்காரர்கள் அதை லீஷ் என்பார்கள். ஒரு முனை பலகையில், மறுமுனைப் பட்டை கணுக்காலில். விழுந்தவனை விட்டுப் பலகை ஓடிவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். கரை தூரமாக இருக்கும்போது அதுதான் உயிர். ஒவ்வொரு நாளும் கயிறு முழுக்க விரலை ஓட்டிப் பார்ப்பது அவள் பொறுப்பு. எங்காவது வெட்டு விழுந்திருந்தால், வளைத்தவுடன் அந்த இடம் வெளுக்கும். வெளுத்தால் குப்பைக்குப் போட வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஏழாம் எண் கயிறு வெளுத்தது. புதுக் கயிறு மாடிப் பரணில் இருந்தது. பதினெட்டுப் படி. அவள் முழங்கால் அன்று காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு நாள் தாங்கும் டாக்டர்" என்று சொல்லி அதையே மாட்டிவிட்டாள்.

பலகை ஒதுங்கியபோது அதில் பாதிக் கயிறு தொங்கியது. பயிற்சி கொடுக்கிற கோச் ஓடி வருவதற்குள் அதைக் கழற்றித் தன் பைக்குள் சுருட்டிக்கொண்டாள். "அவரே கால்லேர்ந்து கழட்டி, பலகைலேர்ந்தும் எடுத்துட்டாரு போலிருக்கு தம்பி" என்றாள். எல்லோரும் நம்பினார்கள். கேமரா கிடைத்தபோது அதன் மெமரி கார்டை முதலில் பார்த்ததும் அவள்தான். அதில் ஒரே ஒரு படம். கரையில் நின்று டாக்டர் விளையாட்டாக எடுத்த படம்: அவள் குனிந்து அவர் கணுக்காலில் பட்டையைச் சுற்றுகிறாள், நிமிர்ந்து அந்த வார்த்தையைச் சொல்கிறாள், அவர் சிரிக்கிறார். அழித்தாள்.

மூன்றாம் நாள் மதியம் டாக்டரின் மனைவி வந்தாள். இதோடு ஐந்தாவது தடவை. கதவருகே நின்றுகொண்டு, ஈரத் தரையில் செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தாள்.

"மறுபடியும் தொந்தரவு பண்றேன். அந்தக் கார்டுல ஏதாவது… ஒரு நிமிஷம் போதும். அவர் குரல் மட்டும் இருந்தாக்கூடப் போதும்."

"கார்டுக்குள்ள தண்ணி போயிருச்சு மேடம். ஒண்ணுமே இல்ல."

"பெல்ட் போடாம வண்டியக் கிளப்ப மாட்டாருங்க. கயித்த அவரே கழட்டினாருன்னு சொல்றாங்க. என் பொண்ணு, அப்பா வேணும்னேதான் கழட்டினாராம்மான்னு கேக்குறா. நான் என்ன சொல்ல?"

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும், படுத்திருப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளிருக்காது. எல்லாவற்றையும்விட, சொல்லி அழுது விளக்கம் கொடுக்கிற தெம்பு இன்றைக்கு இல்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"நாளைக்கு வாங்க மேடம். இன்னொரு தடவ தேடிப் பாக்குறேன்" என்றாள். டாக்டரின் மனைவி கும்பிட்டுவிட்டுப் போனதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கோச் கிளம்பும்போது கேட்டாள். "தம்பி, அந்த நாலாம் நம்பரத் தூக்கிப் போட்டுரலாமா?"

"ஏன்க்கா? நல்லாத்தானே ஓடுது. தொட்டியில போட்டு எடுங்க. உப்பத் தின்னா தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்!" அவன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அவள் அதைத் தொட்டியில் போடவில்லை. மற்ற நான்கையும் அலசித் துடைத்தாள். நான்காம் எண்ணை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. வெளியே வெயில் இறங்கி, கடல் பழைய தகரம்போல மங்கிக்கொண்டிருந்தது. கொடியில் தொங்கிய ரப்பர் உடைகளிலிருந்து சொட்டுகிற நீர், உப்பும் ரப்பரும் பலகை மெழுகும் கலந்த வாடை, தூரத்தில் ஒரே சீராக உடைகிற அலை, எல்லாம் பதினோரு வருடமாக அவள் மூக்குக்கும் காதுக்கும் பழகியவை. செருப்பைக் கழற்றி வீங்கிய காலை மேசைக்கடியில் நீட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான்கு கார்டுகளைப் பார்த்து முடித்தாள். ஐந்தாவது, பார்க்க வேண்டாம் என்றுதான் வைத்திருந்தாள். அலமாரிக்குப் போய் அதை எடுத்து வந்தது தன் கைதான் என்பது கார்டைச் செருகிய பிறகுதான் உறைத்தது.

ஒரு படம் இருந்தது.

வெயில். மணல். குனிந்த அவளுடைய உச்சி வகிடு. அழித்த படம். கணுக்காலில் பட்டையைச் சுற்றி அழுத்தி நிமிர்ந்தாள். வெளுத்த இடத்தைக் கட்டைவிரல் மறைத்திருந்தது. "இன்னும் ஒரு நாள் தாங்கும் டாக்டர்." அவர் சிரித்தார். அன்று படம் அங்கே முடிந்திருந்தது.

இன்று முடியவில்லை. ரப்பரைக் கடிக்கிற சத்தம். அலை. பலகை. வானம் தலைகீழானது. நுரை, நுரை, பச்சைத் தண்ணீர். டப்பென்று ஒரு சத்தம், தடித்த நரம்பு அறுந்ததுபோல. பலகை மேலே மேலே போய் ஒரு புள்ளியாயிற்று. கை அதை நோக்கி நீண்டது. பிறகு இருட்டு. நெடுநேரம் இருட்டு. மூச்சு மட்டும்.

"டாக்டர்" என்றாள் அவள்.

இருட்டு விலகியது. மேலே குழல்விளக்கு. தண்ணீர் உடைந்து லென்ஸில் வழிந்தது. தொட்டி விளிம்பு. கொடியில் உடைகள். அவள் கொஞ்சம் முன்னால் துடைத்து வைத்த நான்கு கேமராக்கள். படம் தரையோடு தாழ்ந்து ஊர்ந்தது. அலசும் அறையின் வாசற்படி. இந்த அறையின் மேசை. மேசைக்கடியில் நீட்டிய வெறுங்கால். வீங்கிய கணுக்கால். அவளுடையது.

திரையில் ஒரு கை வந்தது. ஊறி வெளுத்து, தோல் சுருங்கிய கை. அதில் ஒரு பட்டை. வெள்ளைப் பெயிண்டில் அவள் எழுதிய ஏழு. கை அவசரப்படவில்லை. ஒரு சுற்று. அழுத்தம். படம் நின்றது.

கணுக்கால் சில்லிட்டது.

குனிந்து பார்த்தாள். பட்டை இருந்தது. அதிலிருந்து கயிறு தரையில் ஓடி, வாசற்படியைத் தாண்டி, தொட்டி விளிம்பில் ஏறி உள்ளே இறங்கியிருந்தது. முழங்கால் உயரத் தொட்டிதான் அது. அவள் கையால் தினமும் அடி வரைக்கும் தேய்க்கிற தொட்டி. தொட்டிக்குள் எங்கோ வெகு ஆழத்தில் அலை உடைந்தது.

பட்டையைப் பிய்த்தாள். நகம்தான் பிய்ந்தது. கயிறு இறுகியது. நாற்காலி சரிந்தது. மேசைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடறேன் டாக்டர்! நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் கண்டிப்பாச் சொல்லிடறேன்…"

மேசைமேல் போன் அடித்தது. மாத்திரைக்காக இருக்கும். கைக்கு எட்டவில்லை.

மேசை ஓர் அடி நகர்ந்தது. இன்னோர் அடி. அப்போதுதான் அதைப் பார்த்தாள். கயிற்றில், வாசற்படிக்கு இந்தப் பக்கம், அந்த வெளுத்த இடம். அவளுக்கு உயிர் வந்தது. அறுந்த கயிறுகள் எத்தனையோ அவள் கைவழி போயிருக்கின்றன. எவ்வளவு நீண்டால் எந்த வெட்டு பிளக்கும் என்று கண்ணாலேயே அளக்கத் தெரிந்தவள். இது இன்னும் ஒரு சாண் நீண்டால் போதும்.

கயிறு நீண்டது. மெலிந்தது. வெளுப்பு வாய் பிளந்தது. அறுந்துடு, அறுந்துடு என்று கெஞ்சினாள். ஒரு சாண் ஆயிற்று. இரண்டு சாண். நூலாக மெலிந்து, வீணைத் தந்திபோல் முனகியது. விரல்கள் ஒவ்வொன்றாக மேசைக் காலை விட்டன. ஈரத் தரை வழுக்கியது. வாசற்படி முதுகில் இடித்தது. தொட்டி விளிம்புக்கு மேலே அவள் கால் முதலில் எழுந்தது.

கயிறு தாங்கியது.