நாலாவது ஆள்

காணாமற்போனது ஒரு பைனாகுலர். பிடிபட்டவன் ஒரு மீனவன்.

1964 ஆனி, புதன்கிழமை. காலை 10.40. ஊர்காவற்றுறையிலிருந்து வந்த மோட்டார் வள்ளம் நெடுந்தீவில் கட்டியதும் பொலிஸ் சார்ஜன்ட் கனகசபை இறங்கினார். அவர் பையில் இராணுவ முகாமின் கோப்ரல் தென்னக்கோன் கையொப்பமிட்ட முறைப்பாடும் ஒரு கைவிலங்கும் இருந்தன. நாலு மணி வள்ளத்தில் பிடிபட்ட மீனவன் எமிலியானுஸை ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.

துறையிலேயே எமிலியானுஸின் மனைவி மாக்கிறேற் வழிமறித்தாள்.

"என்ரை மனிசன் களவெடுக்கேல்லை. முகாமுக்கு மீன் குடுக்கப் போனவரைப் பிடிச்சு வலக்கை விரலை நசிச்சுப்போட்டாங்கள். இனி எந்தக் கையாலை வலை இழுக்கிறது? நீங்களும் விலங்கோடைதானே வந்திருப்பியள். எடுத்துக் காட்டுங்கோ பாப்பம்!"

"விலங்கு இருக்குப் பிள்ளை. ஆருக்கெண்டு இன்னும் முடிவில்லை."

11.15. முகாம் என்பது ஒரு சுண்ணாம்புக் கட்டடமும் பனங்குற்றிகளில் நின்ற ஒரு காவற்பரணும்தான். கள்ளக்கடத்தலைக் கண்காணிக்கத் தெற்கிலிருந்து கடல் தாண்டி அனுப்பப்பட்ட நாலு பேர் அங்கே இருந்தார்கள். கடலீரம் சுமந்த சோளகக் காற்று பரணை உலுக்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில், முருகைக்கற்களுக்கிடையே ஒரு கண்ணாடிச் சில்லு மின்னியது. தடித்தது, சற்றே வளைந்தது. போத்தலாகவும் இருக்கலாம். கனகசபை அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

அந்த வெக்கையிலும் கட்டடத்தின் கதவு, யன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. கதவைத் தள்ளினார்.

"சாத்து!" என்று உள்ளிருந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள். பொலிஸ் என்று கண்டதும் எழுந்து நின்றார்கள். மேசை வெறுமையாக இருந்தது. காய் சுண்டி விளையாடும் கரம் பலகை சுவரோடு சாத்தியிருந்தது.

கனகசபை சிங்களத்தில் கேட்டார்.

"நேற்று என்ன நடந்தது?"

"பன்னிரண்டு மணிக்குச் சுமணபால பரணேறினான். நாங்கள் மூன்று பேரும் கரம் விளையாடினோம்" என்றார் தென்னக்கோன். "வேறென்ன செய்வது? சினிமா இல்லை, கடை இல்லை. பொழுதுபோக்குக்கென்று மேலிடம் அனுப்பியது இந்தப் பலகை ஒன்றுதான்."

"களவுக்குப் பிறகும் விளையாடினீர்களா?"

"இல்லை. அப்போதே பலகையை எடுத்துச் சாத்திவிட்டேன்."

சுமணபால நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மூன்று மணிக்கு ஒதுங்குவதற்காக இறங்கினேன். ஐந்து நிமிடம்தான். திரும்பி வந்தபோது பைனாகுலர் இல்லை. அந்த மீன்காரன் கூடையோடு போய்க்கொண்டிருந்தான்."

"சட்டையில் என்ன வெள்ளை?"

"கடலுப்பு. மூன்று மணி நேரம் பரணில் காற்றடித்தது."

"துவைக்கவில்லையா?"

"நேற்றுக் காலை தண்ணீர் வண்டி வந்தபோது துவைத்தேன். காய்ந்ததும் போட்டுக்கொண்டு பரணேறினேன். இனி அடுத்த செவ்வாய்தான் தண்ணீர்."

12.30. சாமான் அறையில் எமிலியானுஸ் சுவரோடு குந்தியிருந்தான். வலக்கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

"மீனோடை போய்க் கதவைத் திறந்தனான் ஐயா. காத்தும் என்னோடை உள்ளுக்கு வந்திட்டுது. நாலு பேரும் சேந்து ஏசினவங்கள்."

"நாலு பேரோ?"

"நாலு பேர். எனக்கு எண்ணத் தெரியாதெண்டு நினைக்கிறீங்களோ?"

"இதைக் கோப்ரலுக்குச் சொன்னனீரோ?"

"சொன்னாப் பிறகுதானே விரலிலை சப்பாத்தை வைச்சவர்."



2.10. எல்லாரையும் ஒரே அறையில் நிறுத்தினார். மேசையில் ஒரு கோப்பைத் தண்ணீர் இருந்தது.

"சுமணபால, சட்டையைக் கழற்று."

வெள்ளையை விரலால் தேய்த்தார். "சோளகத்தில் உப்புக் காயாது, பிசுபிசுக்கும். இது வழுக்குகிறது." கோப்பைக்கு மேல் சட்டையை உதறினார். தண்ணீரில் விழுந்த வெள்ளை கரையாமல் பாலாடைபோல மிதந்தது. "இது கரம் பலகைக்குப் போடுகிற பவுடர்."

"வேறொரு நாள் ஒட்டியிருக்கும்" என்றார் தென்னக்கோன்.

"நேற்றுக் காலை துவைத்த சட்டை. போட்டதும் நேரே பரணுக்குப் போனானாம். களவுக்குப் பிறகு நீங்கள் பலகையைத் தொடவே இல்லையாம். அப்படியென்றால் பவுடர் எப்போது பட்டது? கதவு திறந்தால் காற்று பவுடரை அள்ளும். அந்தப் பயத்தில்தான் பலகையே இல்லாத மேசைக்கும் 'சாத்து' என்று கத்தினீர்கள். நேற்று எமிலியானுஸ் திறந்தபோது, கதவுக்கு நேரே இருந்தவனின் நெஞ்சில் அது விழுந்தது."

கைக்குட்டையை அவிழ்த்துச் சில்லை மேசையில் வைத்தார். "பரணில் ஆளில்லை. தொங்கவிட்ட பைனாகுலரைக் காற்று கீழே தள்ளியது; இது அதன் கண்ணாடி. களவே நடக்கவில்லை. எங்கே அது?"

"அரிசி மூட்டைக்குள்" என்றான் சுமணபால. "ஆட்டத்துக்கு நாலாவது ஆள் வேண்டுமென்று கோப்ரல்தான் கூப்பிட்டார்."

"காவலைக் கைவிட்டதென்று தெரிந்தால் என் கோப்ரல் பட்டியைப் பறித்துவிடுவார்கள்" என்றார் தென்னக்கோன். "ஒரு விளையாட்டுக்காக..."

கனகசபை மேசையில் அடித்தார். கோப்பை கவிழ்ந்தது. "உன் தோளிலுள்ள பட்டிக்கு அவனுடைய விரலா விலை? அவன் உண்மையைச் சொன்னான். அதற்காகவே மிதித்தாய். பிறகு உட்கார்ந்து பொய் முறைப்பாடு எழுதினாய். கையை நீட்டு!"

3.55. வள்ளத்தில் தென்னக்கோன் விலங்கோடு இருந்தார். துறையில் மாக்கிறேற் புருஷனின் கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவனிடம் மன்னிக்கச் சொல்லுங்கள்" என்றார் தென்னக்கோன். கனகசபை அதைத் தமிழில் சொன்னார்.

எமிலியானுஸ் தண்ணீர் விளிம்புவரை நடந்து வந்தான்.

"முகாமிலை இனி மூண்டு பேர்தான் ஐயா. ஆட்டத்துக்கு ஆள் காணாது. என்னைக் கூப்பிட வேண்டாமெண்டு சொல்லுங்கோ." துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினான். "சுண்டுறதுக்கு விரலில்லை."