அடுத்தது துறைமுகச் செய்தி

உச்சிவெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில்தான் ராமதாஸை அந்தக் கடைவீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். பினாங்கு ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே ஜப்பான்காரன் ஆபீஸ். மேலே ஒரே ஒரு அறை.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் அந்த மேல்மாடியில் நாலு மாணவர்கள் சேர்ந்து ரேடியோ நிலையம் நடத்தினார்கள். எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் எந்தத் துரைக்கும் கட்டுப்படாத நிலையம். சீனப் பாட்டு, மலாய்ப் பந்துன் கவிதை, மவுத் ஆர்கன், தமிழில் கேள்வி பதில் என்று கதம்பமாகக் கட்டிக் கொடுப்பார்கள். ராமதாஸின் மகன் ஜெயராஜுக்குத் துறைமுகச் செய்தி. எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்று சொல்லுவான்.

ராமதாஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கின கைநாட்டு ஆள். மூஞ்சியைக் காட்டாமல் பேசுகிறவனை நம்பக்கூடாது என்பது அவர் கட்சி. ஒருநாள் மகனைச் சமையல்கட்டுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார். அன்றைக்குத்தான் ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டது. மேலே பேசிக்கொண்டிருந்த மற்ற மூன்று பேரும் பேச்சுவாக்கிலேயே செத்துப்போனார்கள்.

அதற்கப்புறம் கூரைக்குத் தகரம் போட்டார்கள். மெஷினை எல்லாம் எவன் எவனோ தூக்கிக்கொண்டு போனான். ஆனால் கொஞ்ச நாளாகக் கீழே ஆபீஸ் ரேடியோவில் அந்த நிகழ்ச்சி வருகிறது. நட்டநடுப் பகலில். பாட்டெல்லாம் முடிந்ததும் ஒரு பெண் குரல், "அடுத்தது ஜெயராஜின் துறைமுகச் செய்தி" என்கிறது. அப்புறம் சத்தமே இல்லை.

கப்பலைப் பற்றி வாயைத் திறந்தால் கழுத்துப் போகிற காலம். பெயரைக் கேட்டதும் ஜப்பான் ராணுவப் போலீஸ், கெம்பித்தாய்க்காரன், ஜெயராஜைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். கீழே முற்றத்தில் கையைப் பின்னால் கட்டி வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள். ராமதாஸ் கடந்துபோகையில் பையன் தலையைத் தூக்கிப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது.

"பேசுறது ஆரெண்டு காட்டினா பெடியனை விட்டிடுவினமாம்," என்றார் தியாகராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், ஜப்பான்காரனுக்கு மொழிபெயர்ப்பாளர். "இல்லாட்டி..." கழுத்தில் விரலை வைத்து இழுத்தார்.

"உன்னை எப்படிலா நம்புறது? நேத்து வரைக்கும் வெள்ளைக்காரனுக்குக் கணக்கு எழுதுன ஆளு நீ."

"நம்பாதையுங்கோ அண்ணே. என்னை நானே நம்புறேல்லை. சத்தம் மேலேயிருந்து வருதெண்டு ஆபீசர் சொல்றார், போய்ப் பாருங்கோ."

"பேய்னு சொல்றானுங்க."

"எனக்குப் பேயிலும் பார்க்க ஆபீசரிலதான் பயம்."

மேலே ஏறி அறைக்குள் நுழைந்ததும் வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

அறையில் ஒன்றும் இல்லை. சத்தம் வெளியே போகக்கூடாதென்று அந்தக் காலத்தில் பிள்ளைகள் சுவர் முழுக்கச் சாக்கை அடித்து வைத்திருந்தார்கள். பாதி கருகித் தொங்கியது. ஜன்னலுக்குப் பலகை. இடுக்கு வழியாக முற்றம் தெரிந்தது, மகனுடைய முதுகு தெரிந்தது. ராமதாஸ் இருமினார். இருமல் சாக்குக்குள் போய்ச் செத்தது. கருகின மயிர் வாடை அடித்தது. அந்தப் புழுக்கத்திலும் தரை மட்டும் சில்லென்று இருந்தது.

மவுத் ஆர்கன் ஆரம்பித்தது.

சுவருக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ராமதாஸ் சாக்கைக் கிழித்துப் பார்த்தார். செங்கல்தான். இன்னொரு பக்கம் கிழித்தார். அங்கேயும் செங்கல். சீனப் பையன் ஒருத்தன் பாடினான். நடுவில் ஒரு தடவை மூச்சுப் பிடிக்கிற சத்தம் அவர் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

"எவன்டா அது?" என்று கத்த வாயெடுத்தவர் கப்பென்று மூடிக்கொண்டார். செத்த வாய் ஒரு பெயரை ஒரு தரம்தான் கூப்பிடும், மூணு தரம் கூப்பிட்டால்தான் அது உசிருள்ள மனுஷன், அதுவரைக்கும் பதில் கொடுக்காதே. அவர் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது.

பாட்டு நின்றது.

"அடுத்தது துறைமுகச் செய்தி," என்றது பெண் குரல். குண்டில் செத்த கிளார்க் வீட்டுப் பிள்ளை செல்வநாயகியின் குரல். "ஜெயராஜ்!"

ஒன்று.

"ஜெயராஜ், மாரிலா! வாடா!" மவுத் ஆர்கன் வாசிக்கிற ஹபீப் முகம்மது.

இரண்டு.

"ஜெயராஜ்..." சீனப் பையன்.

மூன்று!

ராமதாஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. உசிரோடுதான் இருக்கிறார்கள் பாவிகள். எங்கேயோ ஒளிந்துகொண்டு என் பிள்ளை கழுத்துக்குக் கத்தி தீட்டுகிறார்கள்.

"அவன் வரமாட்டான்டா! அவன் எடத்துக்கு அவங்கப்பன் நான் வந்திருக்கேன். வெளிய வாங்கடா!"

யாரும் வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கூப்பிட்டது மூன்று தரம். ஆனால் மூன்று வாய். ஒரு வாய்க்கு ஒரு தரம்.

கீழே ஆபீஸ் ரேடியோவில் அவர் குரலே கரகரவென்று கேட்டது. "அவங்கப்பன் நான் வந்திருக்கேன்."

படியில் பூட்ஸ் சத்தம் தடதடத்தது. கதவு திறந்தது. ஆபீசரும் தியாகராஜாவும் வந்து நின்றார்கள். ராமதாஸ் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆபீசர் அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தான்.

"அண்ணே?" என்றார் தியாகராஜா. "எங்க அண்ணே போனீங்கள்?"

"இங்கதான்யா நிக்கிறேன்! கண்ணு அவிஞ்சு போச்சா?"

தியாகராஜா தரைப் பக்கம் குனிந்து காது கொடுத்தார். ராமதாஸின் சத்தம் கீழே ரேடியோவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ராமதாஸ் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தார். பிடியில் ஒன்றும் இல்லை.

ஆபீசர் இரண்டு வார்த்தை சொன்னான். தியாகராஜா தனக்குத்தானே தமிழில் முணுமுணுத்துக்கொண்டார். "பெடியனை விடச் சொல்றார். மகனைத் தேடித் தகப்பன் வருவானாம். அப்ப பிடிக்கலாமாம்."

கதவு மூடியது.

இடுக்கு வழியாக ராமதாஸ் பார்த்தார். கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஜெயராஜ் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு எழுந்தான். தள்ளாடிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

போடா. போயிரு. திரும்பிப் பாக்காதடா.

வாய்க்குள்ளேயே சொன்னார். சத்தம் போட்டால் பையன் அப்பனைத் தேடி மேலே வருவான். இந்த அறைக்கு வருவான். ராமதாஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அறையில் நாற்காலியே கிடையாது.

"இப்ப எங்களோட ஜெயராஜின்ட அப்பா இருக்கிறார்," என்றது செல்வநாயகியின் குரல், அன்பாக. "ஐயா, பேசுங்கோ."

சின்னச் சின்னக் கைகள், சில்லென்று, அவர் விரல்களை ஒவ்வொன்றாக வாயிலிருந்து பிரித்தன.

"ஜெயராஜூ..."

வாசல் தாண்டப் போன பையன் நின்றான். ஆபீஸ் ரேடியோவைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மேல்மாடியைப் பார்த்தான்.

"அப்பா?" என்றபடி படியேறத் தொடங்கினான்.