பூ விழாத இடம்

ஜகரண்டா மரத்தடியில் ஓரிடத்தில் மட்டும் பூ இல்லை.

லிம்பானி தேநீர்க் கோப்பையோடு வாசற்படியில் நின்று அதைப் பார்த்தான். அக்டோபர் மூன்றாம் வாரம். ஸோம்பா மலையடிவாரத்துத் தெருக்கள் எல்லாம் ஊதாவாகிவிட்டிருந்தன. தார் ரோட்டின் மேலும் தகரக் கூரைகளின் மேலும் பூ. அவன் வீட்டு மரம் அந்தத் தெருவிலேயே பெரியது. ராத்திரி முழுக்கச் சத்தமில்லாமல் உதிர்ந்து, விடியும்போது செம்மண் தெரியாத அளவுக்குத் தோட்டத்தை மூடியிருக்கும். வெயில் ஏற ஏற, முந்தின நாள் பூக்கள் அடியில் வாடிப் புளித்து, தேனும் பழைய பழமும் கலந்த மாதிரி ஒரு வாசனை தரையிலிருந்து எழும்பும். தேனீக்கள் மரத்தில் இருக்கின்றனவா மண்ணில் இருக்கின்றனவா என்று தெரியாதபடி இரைச்சல் எல்லாப் பக்கமிருந்தும் வரும்.

ஈழத்தலரிச் செடிக்குப் பக்கத்தில், ஆறடி நீளம், தோளளவு அகலம். வெறும் செம்மண். விளக்குமாறு பட்ட கோடுகள் இல்லை. விளிம்பு மட்டும் கத்தியால் வெட்டினாற்போல் நேராக இருந்தது.

நாய் ஏதாவது படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

தோட்டம் அவன் மனைவி தடாலாவுடையது. வீடும் அவளுடையதுதான், அந்தப் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். மூன்று வருஷம் வாழ்ந்தான். பூக்காலம் வந்தால் தடாலா இரண்டு நாற்காலிகளை மரத்தடியில் போட்டுவிடுவாள். மூன்று வாரத்துக்கு யாரும் கூட்டக் கூடாது. கூட்டாத வாசல் கேவலம் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் முணுமுணுத்தால், "பூவைக் குப்பைங்கிறவங்க வீட்டுல நான் தண்ணி குடிக்க மாட்டேன்" என்பாள். வெறுங்காலோடு, பூவை மிதிக்காமல், நுனிக்காலில் வளைந்து வளைந்து நடப்பாள். ஜகரண்டாப் பூவின் குழலுக்குள் காற்று அடைபட்டிருக்கும். மிதித்தால் டப் என்று வெடிக்கும். மூன்று வருஷத்தில் அவள் காலடியில் அந்தச் சத்தத்தை அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஜூன் மாதம் நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

பெண்டாட்டி செத்தால், அவள் கல்யாணத்துக்குப் பொறுப்பு நின்ற தாய்மாமன் வந்து புருஷனின் தலையை மழிக்க வேண்டும். "இவன் இனி உன் ஆள் இல்லை" என்று செத்தவளுக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் தன் ஊருக்குப் போகலாம். அதுவரை அவன் அவளுடையவன். வழக்கமாக நாற்பது நாளுக்குள் முடித்துவிடுவார்கள்.

லிகோங்வே மாமா ஆகஸ்டில்தான் வந்தார். வந்தவர் கையில் பிளேடு இல்லை.

"மொட்டை போட்டு, பாயைச் சுருட்டிக் கையில குடுத்து அனுப்புறதுக்கு என்ன அவசரம் மாப்பிள்ளை?" என்றார். "அவ வளத்த தோட்டம். ஒரு பூக்காலம் இருந்து பாத்துட்டுப் போ. பூ முடியட்டும், நானே வந்து மழிச்சு விடுறேன்."

கூடவே வந்திருந்த எனெலேசி, தடாலாவின் அக்கா, தலையாட்டினாள். "சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீங்க தம்பி. நான் கொண்டாந்து தர்றேன்."

செத்த அன்று வராத அழுகை அவனுக்கு அப்போது வந்தது. அவர்கள் முன்னாலேயே அழுதான். மாமா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

எனெலேசி சொன்னபடி செய்தாள். தினமும் மதியம், எனாமல் தட்டில் சோளக்களியும் ஏரி மீனும், மேலே பூப்போட்ட துணி. கொடுத்துவிட்டு அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்த வாரம் ஒரு கூடையும் கொண்டு வந்தாள். காகிதப்பூ, செம்பருத்தி, ஈழத்தலரி எல்லாம் பறித்துக்கொண்டு போனாள். சர்ச்சுக்கு என்றாள்.

செவ்வாய்க்கிழமை அந்த வெற்றிடம் தண்ணீர்க் குழாயடிக்கு வந்திருந்தது. அதே நீளம். அதே அகலம். ஈழத்தலரிப் பக்கம் பூ மூடிவிட்டிருந்தது.

புதன்கிழமை நாற்காலிகளுக்கு அருகில் வந்துவிட்டது. அவன்தான் பழக்கதோஷத்தில் இரண்டையும் வெளியே எடுத்துப் போட்டிருந்தான். தரையில் அன்று ஆள் நீளம் இல்லை. பூக்களுக்கு நடுவே இரண்டே இரண்டு சின்ன இடைவெளிகள். பக்கத்தில் பக்கத்தில். பாதம் அளவு. விரல்கள் வீட்டைப் பார்த்து.

படுத்திருந்தது எழுந்து நின்றுவிட்டது.

முதலில் அவனுக்குப் பயம் வரவில்லை. அதைப் பிற்பாடு நினைத்துப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது. அவனுக்குச் சந்தோஷம்தான் வந்தது, நான்கு மாதத்தில் முதல் தடவையாக. நாற்காலியில் போய் உட்கார்ந்தான். மரத்திலிருந்து பூக்கள் ஒவ்வொன்றாகச் சுழன்று இறங்கின. அவன் தோளில் விழுந்தன, தேநீரில் விழுந்தன. பக்கத்து நாற்காலியில் ஒன்றும் விழவில்லை.

"தடாலா?" என்றான்.

டப்.

நாற்காலியின் பின்னால் ஒரு பூ வெடித்தது.

அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் கிட்டே. நின்று, நிதானமாக, அழுத்தி மிதிக்கிற சத்தம். தேன் வாசனையின் அடியிலிருந்து வேறொன்று எழுந்தது. ஈர மண். புதிதாக வெட்டிய, ஆழத்து மண். ஸோம்பாவில் மழை பெய்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

அவள் பூவை மிதிக்க மாட்டாள். அவன் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சனிக்கிழமை வைசன் வந்தான். கல்யாண ஜோடிகளைப் படம் எடுப்பவன். பூக்காலத்தில் சனிக்கிழமைதோறும் யாரையாவது அழைத்துக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்துவிடுவான். தடாலா இருந்த காலத்து ஏற்பாடு. ஆட்களின் சத்தத்தைக் கேட்டதும் லிம்பானி கதவைத் திறந்தான். மூன்று நாளாக எனெலேசியின் சாப்பாட்டுத் தட்டுக்கு மட்டும்தான் அதைத் திறந்திருந்தான்.

"சார், உங்க தோட்டம் இருக்கிற வரைக்கும் எனக்குக் கடை எதுக்கு?" என்றான் வைசன். "என்ன சார், தாடி, முடியெல்லாம்? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க பயப்படலையா?"

பெண்ணின் குதிகால் செருப்பு பூவில் வழுக்கியது. மாப்பிள்ளையின் அத்தை அவனை மரத்தோடு ஒட்டி நிறுத்தினாள். "சிரிடா. பல்லு பிடுங்க வந்தவன் மாதிரி நிக்கிறியே. அவ இன்னும் ஒன்னும் பண்ணலையே உன்னை."

"இப்பவே பண்ணிட்டா அத்தை, காலை மிதிச்சிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். மிதிபட்ட பூக்கள் படபடவென்று வெடித்தன. இத்தனை பேர் சத்தத்தில் எது யாருடையது என்று தெரியவில்லை. அதுவே லிம்பானிக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அவர்கள் போகாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

ஜோடி காருக்குப் போனது. வைசன் மட்டும் கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், இங்க யாரு கூட்டுனது? எல்லாப் படத்துலயும் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு."

காட்டினான். பெண்ணும் மாப்பிள்ளையும் மரத்தடியில். ஊதாத் தரை. படத்தின் ஓரத்தில் லிம்பானி, படி மேல். அவனுக்கு ஒரு முழம் பின்னால், படியில் உதிர்ந்து கிடந்த பூக்களுக்கு நடுவே, இரண்டு பாத இடைவெளி.

அடுத்த படம். அவன் சற்று நகர்ந்திருந்தான். இடைவெளியும் நகர்ந்திருந்தது.

"உங்க அண்ணி வீட்டுலயும் இதே கூத்துதான் சார்," என்றான் வைசன், கேமராவைத் துடைத்துக்கொண்டே. "ஜூலைல சின்னவளுக்குப் பிறந்தநாள்னு கூப்பிட்டாங்க. படத்தைப் பாத்ததும் அவங்க முகம் செத்துப்போச்சு. அழிச்சிரு அழிச்சிருன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்குத்தான் மனசு வரல. குழந்தை அவ்வளவு அழகா இருந்தா."

"காட்டு."

வைசன் பின்னால் தள்ளித் தள்ளிப் போனான். எனெலேசியின் வாசல், வேலியெங்கும் காகிதப்பூ, தரையெல்லாம் அதன் இளஞ்சிவப்பு. பாயில் ஐந்து வயதுக் குழந்தை, கேக்கைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு. அவள் முதுகை ஒட்டி, காகிதப்பூக்களுக்கு நடுவே, இரண்டு பாதங்கள் அளவு வெறும் மண்.

"அப்புறம் ஆகஸ்ட்ல மாமா போட்டோ கேட்டாரு, அடையாள அட்டைக்கு. அதே இடத்துல வச்சுத்தான் எடுத்தேன். பாருங்க, ஒன்னுமே இல்ல."

ஆகஸ்ட் படத்தில் தரை முழுக்கப் பூ. இடைவெளியே இல்லை. மாமா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே தேதி இருந்தது. அவர் பிளேடு இல்லாமல் வந்து லிம்பானியின் முதுகைத் தடவிக்கொடுத்ததற்கு மறுநாள்.

வைசன் எப்போது போனான் என்று அவன் கவனிக்கவில்லை.

அவன் உள்ளே போகவில்லை. எதையும் எடுத்துக்கொள்ளவுமில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் கேட்டைத் திறந்து சரிவில் இறங்கினான். ஊருக்குப் பஸ் ஏறிவிடலாமா என்ற யோசனை வந்தது, உடனே போயும்விட்டது. மழிக்காத தலையோடு எந்த ஊருக்குப் போனால் என்ன? அவளுடையவனாகத்தான் போவான். கூடவே வருவாள். மாமா இன்றே மழிக்க வேண்டும். இந்த வெயில் இறங்குவதற்குள்.

நாலு மணி வெயில். ரோடு முழுக்கப் பூ. அவன் கால் பட்டு வெடித்தது. டப். டப். சைக்கிளில் ஒருவன் மணியடித்துக்கொண்டு போனான். மாம்பழக்காரி கை காட்டினாள். டப். டப். அவன் நின்றான்.

டப்.

ஓடினான்.

எனெலேசியின் வாசலில் கூட்டம் இருந்தது. ஆண்கள் தரையில் வரிசையாக. பெண்கள் பாயில். மூன்று கல்லடுப்பில் பெரிய பானைகள், நாற்பது ஐம்பது பேருக்குக் களி கிண்டுகிற அளவு. வாசலை யாரோ நன்றாகக் கூட்டியிருந்தார்கள். வேலியில் இருந்த காகிதப்பூவைக்கூட மொட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். தரையில் ஒரு இதழ் இல்லை. விளக்குமாறு இழுத்த கோடுகள் மட்டும்.

சுவரோரம் மலர் வளையங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். செம்பருத்தி. ஈழத்தலரி. அவன் தோட்டத்துப் பூக்கள்.

யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். இந்த நேரத்தில் போய் நம் விஷயத்தைப் பேசுவது எப்படி என்றுகூடத் தயங்கினான். பிறகு தலைகளைப் பார்த்தான். எல்லா ஆண்களும் மழித்திருந்தார்கள். இன்றைக்கு மழித்த தலைகள். வெயில் படாத வெளிறிய தோல், காதோரத்தில் பிளேடு கீறிய சிவப்பு. அந்த வாசலில் முடியோடு நின்றவன் அவன் ஒருவன்தான்.

முன்னாலிருந்த வளையத்தில் அட்டை குத்தியிருந்தது. அழகான கையெழுத்து. எங்கள் மருமகன், ஆசிரியர் லிம்பானி.

"மாமா," என்றான்.

லிகோங்வே மாமா எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. நிஜமாகவே அழுதிருந்தார்.

"குழந்தையைக் கேட்டா மாப்பிள்ளை," என்றார் தணிந்த குரலில். "உயிரோட இருந்தப்பயே அவளுக்கு அது மேல உயிரு. சமாதிக்குப் போய் ஒரு நாள் பூரா பேசிப் பாத்தோம். சும்மா போக மாட்டேன்னுட்டா. நாங்க புதுசா எதையும் எடுத்துக் குடுக்கல. அவளோடதை அவகிட்டயே விட்டுவச்சோம். அவ்வளவுதான்."

"நான் இருக்கேனே மாமா. உயிரோட இருக்கேனே."

"பூ முடியப்போகுது இல்ல."

"மழிச்சு விடுங்க. இப்பவே. இங்கயே வச்சு. நான் போயிடறேன், யாரையும் ஒன்னும் கேக்க மாட்டேன்."

மாமா கையை விரித்துக் காட்டினார். வெறும் கை.

"பிளேடெல்லாம் முடிஞ்சுபோச்சு மாப்பிள்ளை. இத்தனை தலை."

லிம்பானி பெண்கள் பக்கம் திரும்பினான். எனெலேசி குழந்தையின் முகத்தைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். ஆகஸ்டிலிருந்து தினமும் அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே கண்கள்.

"அண்ணி."

"இன்னிக்கு வயிறு நிறையச் சாப்டீங்களா தம்பி?" என்றாள்.

அவன் பதில் சொல்வதற்குள் மாமா அவனைத் தாண்டி, அவன் தோளுக்குப் பின்னால், ஆளே இல்லாத கேட்டைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தார்.

"வந்துட்டான்மா," என்றார். "இனி இந்த வாசலுக்கு வராதே."

பிறகு போய்த் தன் இடத்தில், அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் திரும்பினார். அதற்கடுத்தவர். வரிசை வரிசையாக, அவசரமில்லாமல், பாயோடு நகர்ந்து, துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோரும் திரும்பினார்கள். தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கித் திருப்பி வைத்தார்கள். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்று கிண்டினாள். எனெலேசிதான் கடைசி.

ஐம்பது முதுகுகள். மழித்த தலைகளில் வெயில். பானை கொதிக்கிற சத்தம்.

ஈர மண் வாசனை.

அவன் காலடியைப் பார்த்தான். சுத்தமான மண். விளக்குமாற்றுக் கோடுகள். ஒரு பூ இல்லை.

டப்.

யாரும் திரும்பவில்லை.

டப்.