நயினார் வாங்கிய பழைய மானிட்டர்

நிறுத்தத்தில் வந்து நின்ற பேருந்தின் நெற்றியில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அதற்கு முன் வந்துபோன வண்டியிலும் இல்லை. "இது துறைமுகம் போறது. நம்ம வண்டி அடுத்தது," என்று நயினார் தன் மனைவி உலகம்மாளிடம் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து காலைதோறும் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலைத் தூர்த்துக் கட்டிய அந்தப் புதுநகரத்தில் எதிலும் எதையும் எழுதுவதில்லை. சுவருக்கு வண்ணமும் அடிப்பதில்லை. எழுத்து, நிறம், படம் எல்லாமே அவரவர் கண்ணுக்குள் இருக்கும் அகத்திரையில் வந்துவிடும். அகத்திரை என்பது கடுகளவுச் சில்லு. பத்து வயதில் விழிக்குப் பின்னால் பொருத்திவிடுவார்கள். பொருத்தினால் பொருத்தியதுதான், அணைக்க முடியாது. ஒரே சுவர் கணவனுக்கு நீலமாகவும் மனைவிக்கு மஞ்சளாகவும் தெரியும் என்பதால் வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்ற சண்டை ஊரில் அறவே ஒழிந்திருந்தது. இந்த ஒரு நன்மைக்காகவே அதைக் கண்டுபிடித்தவருக்கு நடுத்தெருவில் சிலை வைத்திருந்தார்கள். அந்தச் சிலையையும் அகத்திரையில்தான் பார்க்க வேண்டும்.

உலகம்மாளுக்கு மட்டும் அது ஒட்டவில்லை. சின்ன வயதில் ஒரு தடவை, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையும் உடம்பு அதை வெளியே தள்ளிவிட்டது. அவளுக்கு அந்த ஊர் முழுக்க வெறும் சிமெண்டு. ஓட்டலில் என்ன இருக்கிறது, எந்தக் கதவு பெண்களுக்கு, யார் வீடு எது என்று எல்லாவற்றையும் நயினார்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. அதுதான் அவளை அதிகம் வருத்தியது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பாள்.

"எத்தன நாளைக்குத்தான் எனக்குப் படிச்சிக்கிட்டே இருப்பீங்க?" என்றாள் ஒருநாள். மறுநாளே ஆஸ்பத்திரியில் மூன்றாவது அறுவைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். இந்த முறையும் ஒட்டாவிட்டால் இருக்கிற பார்வையும் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நயினாருக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் கண் அவளுடையது.

கண்ணுக்கு வெளியே ஒரு திரை இருந்தால், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தால், அவள் மனம் மாறலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்படி ஒரு திரைக்கு எங்கே போவது? தட்டைத் திரைகளையெல்லாம் எப்போதோ உருக்கிவிட்டார்கள். பிக்சர் ட்யூப் வைத்த பழைய மானிட்டர்கள் மட்டும் தூக்க ஆளில்லாத காரணத்தால் அங்கங்கே தப்பிக் கிடந்தன. அவற்றைத் தேடிப்பிடித்துப் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டிகளோடு இணைத்து ஆடுகிறவர்கள் பழந்திரை மன்றம் என்று ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். அவர்கள் எழுதுவதையெல்லாம் நயினார் எச்சில் ஊறப் படிப்பவர். 'என்ன கருமை! அகத்திரையில் இப்படியொரு கருமையைக் காண முடியுமா?' என்று ஒருவர் எழுதுவார். 'ஆழமான கருமை, அடர்த்தியான கருமை' என்று இன்னொருவர் வழிமொழிவார்.

மன்றத்தில் மூத்தவர் சவரிராயன். அவரே தன் மானிட்டரை விலைக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்ததும் நயினார் முதல் ஆளாகப் போய் நின்றார்.

"இது வீட்டு டி.வி. இல்ல தம்பி. டி.வி. ஸ்டேஷன்லயே வச்சிருந்தது," என்று சவரிராயன் அதன் முதுகைத் தட்டினார். ஆன்டெனா துளை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. பின்னால் வரிசையாக வட்ட முனைகள்தான். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. கடைசி முனை சிங்க் சிக்னலுக்கு. படத்தின் கோடுகளை ஓடவிடாமல் இழுத்துப் பிடித்து நிறுத்துவது அது.

"படம் எப்படி இருக்கும் அண்ணாச்சி?"

சவரிராயன் கொஞ்சம் தயங்கினார். "அத நான் சொல்லக் கூடாது. நீயே கொண்டுபோய்ப் பாரு."

கேட்டதில் பாதி விலைக்கே கொடுத்தார். கூடவே ஒரு விளையாட்டுப் பெட்டியையும் வைத்துக் கட்டினார். இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்களா என்று நயினார் வழியெல்லாம் அவரை வாழ்த்திக்கொண்டே வந்தார்.

வீட்டில் இறக்கிவைப்பதற்குள் சுமைதூக்கி ரோபோ இரண்டு தடவை ஓய்வு கேட்டது. மறுநாள் மதியம் நயினார் வயர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். விளையாட்டுப் பெட்டியின் முனை வேறு, மானிட்டரின் முனை வேறு. மன்றத்துக் குறிப்புகளைப் பார்த்து நடுவில் வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஒலிக்குத் தனியாக ஒரு ஸ்பீக்கரை மாட்டினார். பொத்தானை அழுத்தினார். மானிட்டர் மெல்லிசாக 'ங்ஙீ' என்றது. கண்ணாடி அருகே கொண்டுபோன கையில் மயிர் குத்திட்டு நின்றது. ஸ்பீக்கரில் விளையாட்டின் இசையும் தொடங்கியது.

திரை கறுப்பாக இருந்தது.

இந்த வயரை அந்த முனையில் மாற்றினார், அந்த வயரை இந்த முனையில் மாற்றினார். கறுப்புதான். ஆழமான, அடர்த்தியான கறுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்த உலகம்மாள், "ஆத்தி, இதுவா உங்க மானிட்டர்! நல்லாருக்கே!" என்றாள்.

நயினாருக்குச் சுருக்கென்றது. அவர் வைக்கிற உப்புக் குழம்பையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறவள் அவள். "ஆறுதல் சொல்லாத. படம் வரல."

"வரலியா? அந்தா வருதே. ஆனா என்னத்துக்கு இப்படி ஓடுது? கீழருந்து மேல ஓடிக்கிட்டே இருக்கு. சாஞ்சி சாஞ்சி வேற ஓடுது."

நயினார் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். சிங்க் சிக்னல் போய்ச் சேராவிட்டால் படம் அப்படித்தான் சாய்ந்து ஓடும். மன்றத்துக் குறிப்புகளில் படித்திருக்கிறார். அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. அவளாக இட்டுக்கட்டிச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. பின்பக்கம் போய்க் கடைசி முனையைத் தொட்டார். லொடலொடவென்று ஆடியது. திருகி இறுக்கினார்.

"நின்னுட்டு!" என்று முன்பக்கத்திலிருந்து கத்தினாள். "ஒரு நரி நிக்கிது! வாலை ஆட்டிக்கிட்டு!"

நயினார் ஓடிவந்து பார்த்தார். கறுப்பு. தன் அகத்திரையிடம், எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டார். 'ஒன்றுமில்லை,' என்றது அது பணிவாக. 'விட்டுவிட்டு மினுங்கும் வெளிச்சம் கண்ணுக்குக் கேடு. ஆகவே அது மறைக்கப்பட்டது. இதற்குத் தாங்கள் முன்பே சம்மதித்திருக்கிறீர்கள்.' பிக்சர் ட்யூப் வெளிச்சம் விநாடிக்குப் பலமுறை அணைந்து அணைந்து எரிவது. சம்மதித்தபோது நயினாருக்குப் பத்து வயது. எல்லோரையும் போல அவரும் படிக்காமல்தான் தலையாட்டினார்.

உலகம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நரியைப் பார்த்தாள். விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடியை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"நான் சொல்லுதேன், நீங்க ஆடுங்க. நரி ஒரு ஓட்டுக்கூரை மேல நிக்கிது. வலது பக்கம் போங்க... போங்க... இப்பத் தாவுங்க! ஐயோ, விழுந்துட்டு."

"பள்ளம் இருக்குன்னு சொல்ல வேண்டாமா?"

"நீங்க மட்டும் பஸ் வந்த பிறகுதான சொல்லுவீங்க!"

இருவரும் சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் நரி ஏழெட்டுக் கூரை தாண்டிவிட்டது. நயினார் ஆயுசில் இவ்வளவு தெளிவாக எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. கடவுளுக்கும், மானிட்டரைச் செய்த முகம் தெரியாத மனிதர்களுக்கும், பக்கத்தில் 'தாவுங்க, தாவுங்க' என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தவளுக்கும் மனதுக்குள் கும்பிடு போட்டார். கண்ணில் நீர் கட்டியது.

நன்றி சொல்லச் சவரிராயனைப் போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நீங்க நல்லாருக்கணும். படம் பிரமாதம்!"



"படமா?" என்றார் சவரிராயன். "தம்பி, அதுல படம் வருமா?"

நயினார் எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்கும் என்னைக்கும் கறுப்புதான் தம்பி. எல்லாரும் கருமை, கருமைன்னு எழுதும்போது, எனக்குத்தான் ரசிக்கத் தெரியலியோன்னு நெனச்சேன். நானும் அப்படியே எழுதிட்டேன்." பிறகு கேட்டார். "தங்கச்சிட்ட கேளு. ஒருநாள் நானும் வரட்டுமா?"

அவர் வந்தார். அவரைத் தொடர்ந்து மன்றத்தினர் ஒவ்வொருவராக, தங்கள் வீட்டிலும் கறுப்புதான் என்பதை ரகசியமாக ஒப்புக்கொண்டு வந்தார்கள். அத்தனை பேருக்கும் உலகம்மாள் நரியைக் காட்டினாள். ஆனாலும் வீடு திரும்பியவர்கள் 'நேரில் பார்த்தோம், அந்த மானிட்டரின் கருமைக்கு ஈடில்லை' என்றே மறுபடியும் எழுதினார்கள்.

குறித்த நாளில் உலகம்மாள் வரவில்லையே என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"என்னம்மா, பயந்துட்டீங்களா?"

"பயமெல்லாம் இல்லம்மா," என்றாள் உலகம்மாள். "வீட்டுல அவங்களுக்குக் கண்ணு தெரியல. பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்லா?"