வெறும் படுக்கை

ஆஸ்பத்திரியின் மூளை ஸ்கேன் அறையில், தினமும் முதல் வேலையாக அவள் வெறும் படுக்கையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். திரை கறுப்பாக இருந்தால் கருவி சரி. அன்று காலை, யாருமே படுக்காத அந்தப் படுக்கையில், காற்புள்ளி போல வளைந்த இரண்டு ஒளிகள் அருகருகே மினுங்கின. உயிருள்ள மூளையின் நடுவில் மட்டுமே தெரியும் வடிவம் அது.

நேற்று யாருக்கோ போட்ட, படத்தில் ஒளிரும் கதிர்மருந்து சிந்தியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விரிப்பை மாற்றி, ஸ்பிரிட் நெடி தொண்டையில் ஏறும்வரை மெத்தையைத் துடைத்தாள். மறுபடியும் அதே ஒளிகள். கருவியை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுவதுதான் முறை. ஆனால் இன்று தம்பிக்கு ஸ்கேன் நாள். போதையை விட்டுவிட்டான் என்று இன்றே படம் காட்டாவிட்டால் சிகிச்சையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அதன்பின் அவன் பிழைக்க மாட்டான். அவள் அந்தப் படத்தை அழித்தாள்.

தம்பிக்கு அவளே கதிர்மருந்து ஊசி போட்டாள். மூளையில் இன்பம் ஊட்டும் டோபமைனைத் திரும்ப அள்ளும் இடங்கள் காலியாக இருந்தால், அந்த மருந்து அங்கே போய் உட்கார்ந்து ஒளிரும். போதை முன்பே இடம் பிடித்திருந்தால் ஒளி மங்கும்.

"தலைக்குள்ள ஒண்ணுமில்லன்னு வந்தா அம்மாகிட்ட சொல்லிடாதக்கா. அவங்க அப்பவே சொன்னேன்பாங்க."

சிரித்துக்கொண்டே படுத்தான். கருவி முனகியது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில், குளிரூட்டியின் ஈரவாடைக்குள், அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பு.

மங்கல் இல்லை. முழுக் கறுப்பு. எவ்வளவு போதையில் இருந்தாலும் ரத்தத்தில் ஓடும் மருந்தாவது புகை மாதிரி தெரிய வேண்டும். இதில் மண்டையோட்டின் விளிம்புகூட இல்லை. வெறும் படுக்கை எப்படி இருக்க வேண்டுமோ, அப்படி இருந்தது.

பொத்தானை அழுத்திப் படுக்கையை வெளியே இழுத்தாள். தம்பி எழுந்தான். கதவைத் திறந்துகொண்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். தோளில் கை வைத்தான். கை ஜில்லென்று இருந்தது.

கருவியை நிறுத்த மறந்திருந்தாள்.

திரையில் ஏதோ திரண்டது. இரண்டு காற்புள்ளிகள். பளிச்சென்று. சுத்தமாக. போதையின் சுவடே இல்லாமல்.

கண்ணாடிக்கு அப்பால் படுக்கை காலி.

ஸ்கேன் அறைக் குரலைக் கொண்டுவரும் ஒலிபெருக்கி கரகரத்தது.

"அக்கா... இன்னும் முடியலையா? நான் எப்ப வெளிய வர்றது?"

தம்பியின் குரல்.

தோளிலிருந்த கை மெல்ல நகர்ந்து, ஒலிபெருக்கியை அணைத்தது. காதருகே மூச்சு படவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அழிச்சிடுக்கா. காலைல அழிச்சியே, அதே மாதிரி."

திரையில் அந்த இரண்டு ஒளிகளும் துடித்துக்கொண்டிருந்தன.