ஆளில்லா நாற்காலியின் பார்வை

பதினேழாவது பதிவில், நாற்காலி காலியான பிறகும் சிவப்புப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது.

சரண்யாதேவி பதிவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டாள். பரிசோதனைக்கு வந்திருந்த எம்.சி.ஏ. பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறான். கம்ப்யூட்டர் திரைக்கு அடியில், ஒரு ஸ்கேல் நீளத்துக்கு ஒட்டிவைத்திருக்கும் கருவி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண் திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறது என்பதைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும். கண் இல்லையென்றால் புள்ளியும் இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் அடுத்தவர் எழுதியதைப் படிக்கும்போது எங்கே பார்க்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நான்கு வருடமாக அந்தக் கருவியோடு மல்லுக்கட்டுகிறாள். இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. பையன் போய்விட்டான், புள்ளி போகவில்லை. வழி தெரிந்த ஆள் மாதிரி நிதானமாகத் திரையின் மேல் மூலைக்கு ஏறி, பரிசோதனை நடத்துபவர் என்று போட்டிருந்த பெயரின் மேல் போய் நின்றது.

ஸ்ரீஜா.

ஐம்பத்திரண்டு விநாடி அசையாமல் நின்றது. பையன் திரும்ப வந்து உட்கார்ந்ததும் காணாமல் போனது.

தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை. பல்கலைக்கழகமே ஊருக்குப் போயிருந்தது. வெயில் பட்டால் கருவி குழம்பிவிடும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்ததால், பகல் இரண்டு மணிக்கும் அந்த ஆய்வகத்துக்குள் பொழுது விடிந்திருக்கவில்லை. ஏசியிலிருந்து நனைந்த சாக்கின் வாடை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சர்வர்கள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன.

ஸ்ரீஜாவுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. கருவியில் கோளாறு என்று ஆனால் ஸ்ரீஜாவின் கட்டுரை நின்றுபோகும் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. கூடவே, வெந்த புண்ணில் காற்று பட்டது போல ஒரு சுகம்.

ஸ்ரீஜா சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அப்பா காரில் கொண்டுவந்து விடுவார். இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி ஓடும். கேண்டீனில் டீ குடிக்கும்போது சரண்யாதேவி வாய்தவறிச் சொன்ன யோசனை, அவள் கையில் கட்டுரையாகி, போர்ச்சுகல் மாநாட்டுக்குத் தேர்வாகிவிட்டது. கைடு ஹரிநாராயணன் சிம்மக்கல்லிலிருந்து இனிப்பு வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார். "உன் பேரு ரெண்டாவதா இருக்கும்மா சரண்யா. செட்டப் எல்லாம் நீதான பண்ணுன" என்றார். ஸ்ரீஜா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க இல்லாட்டி இது நடந்தே இருக்காது" என்று கண் கலங்கினாள். சரண்யாதேவி சிரித்தாள். கொட்டாம்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்த 'ரெண்டாவதா'வை வீடு வரைக்கும் மென்றுகொண்டே போனாள்.

மற்ற பதிவுகளையும் திறந்தாள். மொத்தம் நாற்பது. நாற்பதிலும் இருந்தது. யாராவது எழுந்து போன இடைவெளிகளிலெல்லாம் அந்தப் புள்ளி வந்தது. ஸ்ரீஜாவின் பெயர் திரையில் இருந்தால் அதன்மேல் நின்றது. இல்லாவிட்டால், தொலைத்ததைத் தேடுவது போல மூலைமூலையாக அலைந்தது. பழைய பதிவுகளுக்குப் போனாள். மார்ச் மாதத்துக்கு முன்னால் எதிலும் இல்லை. மார்ச்சில்தான் ஸ்ரீஜா சேர்ந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் விரல்விட்டு எண்ணினாள்.

ஜூனில் ஸ்ரீஜா நேரான ரோட்டில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தாள். ஆகஸ்டில் கழுத்துத் தோல் உரிந்தது. ஒரு வாரமாக இடது கண் சிவந்து கிடக்கிறது. "யாரோ கண்ணு வச்சுட்டாங்களாம். அம்மா தெனம் சுத்திப் போடுறாங்க, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணுல ஒத்துறாங்க" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

பார்ப்பது யாருடைய கண் என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்றை சரண்யாதேவி இரண்டாம் வருடம் எழுதியிருந்தாள். ஒவ்வொருவர் கண்ணும் நிலைக்கும்போது ஒவ்வொரு விதமாக நடுங்கும், கையெழுத்து மாதிரி. அந்த ஐம்பத்திரண்டு விநாடியை வெட்டி அதில் போட்டாள். பட்டை மெதுவாக நிரம்பியது.

சரண்யாதேவி. 98 சதவீதம்.

வேறு பதிவைப் போட்டாள். அதுவும் அவள்தான். அக்கா மகளுக்குக் காது குத்து என்று அவள் ஆய்வகத்துக்கே வராமல் ஊரில் இருந்த நாளின் பதிவைப் போட்டாள்.

98 சதவீதம்.

கதவு கிறீச்சிட்டது.

"அக்கா! லீவு நாள்லயும் நீங்க இங்கதானா?" ஸ்ரீஜா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண் வீங்கியிருந்தது. "கட்டுரையோட ஃபைனல் காப்பிக்கு ஒரு பதிவு பாக்கி இருக்கு. நானே உக்காந்து முடிச்சுர்றேன்."

சொல்லிவிட வேண்டும். இங்கே உட்காராதே, வீட்டுக்குப் போ என்று. சரண்யாதேவி நாற்காலியைத் திருப்பினாள். "ஸ்ரீஜா, இந்தா பாரு..."

"அப்புறம் அக்கா, சார் போன் பண்ணாரு. அந்த ஃபெலோஷிப்புக்கும் என் பேரத்தான் அனுப்பியிருக்காராம். உங்ககிட்ட சொல்லலையா?"

இரண்டு வருடமாக அவள் காத்திருந்த ஃபெலோஷிப்.

ஏசி நின்று, மறுபடி முனகியது.

"என்னமோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. உக்காரு. நான் பதிவு போடுறேன்."

ஸ்ரீஜா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு நான்கடி பின்னால், கண்காணிக்கும் மேஜையில் சரண்யாதேவி. அந்த மேஜையிலிருந்த திரையில் ஸ்ரீஜா பார்ப்பதெல்லாம் தெரியும்; அதன் ஓரத்தில், கேமராவில் தெரியும் ஸ்ரீஜாவின் முகம். விளக்கை அணைத்தாள். பதிவு தொடங்கியது. ஸ்ரீஜாவின் புள்ளி வரிவரியாகப் படித்துக்கொண்டு போனது.

மூன்றாவது நிமிடம் இன்னொரு புள்ளி வந்தது.

அது எதையும் படிக்கவில்லை. பெயரையும் தேடவில்லை. நேராக ஓரத்துக்குப் போனது. முகத்துக்குள் ஏறியது. கன்னம். மூக்கு. இடது கண்.

நின்றது.

"அக்கா, கண்ணு எரியுதுக்கா."

சரண்யாதேவியின் கை மவுஸின் மேல் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும்.

"ரொம்ப எரியுது. நிப்பாட்டவா?"

"இன்னும் கொஞ்ச நேரந்தான்."

தன் குரல்தான். அவ்வளவு கனிவாக அது எப்போதும் இருந்ததில்லை.

ஸ்ரீஜா கண்ணைத் துடைத்துவிட்டு விரலைப் பார்த்தாள். விரல் நுனி சிவப்பாக இருந்தது. அவள் மூச்சு இழுத்த சத்தம் கேட்டதும்தான் சரண்யாதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மவுஸைத் தட்டினாள். பதிவு நின்றது. புள்ளி நிற்கவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடியும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பார்க்கக் கூடாது. நான் பார்க்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை இறுகப் பொத்திக்கொண்டாள்.

இருட்டவில்லை.

ஸ்ரீஜாவின் முகம் தெரிந்தது. முன்னாலிருந்து. ஒரு முழத் தூரத்தில். கொஞ்சம் கீழேயிருந்து, திரைக்கு அடியில் கருவி ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து. இடது கண்ணின் வெள்ளையில் ஒவ்வொரு நரம்பாகத் தடித்து வெடிப்பது தெரிந்தது. பார்வையைத் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை. கண்ணை மூடப் பார்த்தாள்.

மூடுவதற்கு இமை இல்லை.

"அக்கா... எனக்கு ஒண்ணும் தெரியலக்கா... அக்கா, எங்க இருக்கீங்க?"

ஸ்ரீஜாவின் தோளுக்குப் பின்னால், இருட்டில், நீலச் சுடிதாரில் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சரண்யாதேவி கைகளை இறக்கினாள். அவளும் இறக்கினாள்.

அந்த முகத்தில் நெற்றித் தோல், கண் இருக்க வேண்டிய இடத்திலும் குழியாமல், மடியாமல், வழவழவென்று கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது.